மஞ்சேரி மக்கள் தேர்ந்தெடுத்த தமிழர்: கண்ணியத்துக்குரிய காயிதே மில்லத்

நமது சங்கத்தின் பொன்விழா மலரில் ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு இடம்பெற வேண்டும் என்று மலர்க்குழு கூடிப் பேசியபோது, மூத்த உறுப்பினர்கள் தயங்காமல் சொன்ன பெயர் ஒன்றுதான். அது காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்களின் பெயர். அவர் மறைந்த காலத்தை ஒட்டியே நம் சங்கமும் தொடங்கப்பட்டது. அன்று சங்கத்தைத் தொடங்கியவர்களில் பலர் ஊரில் அவருடைய கூட்டங்களைக் கேட்டவர்கள். கப்பலேறி இங்கே வந்த பிறகும் அவரைப் பற்றிய செய்திகளைத் தமிழ்ப் பத்திரிகைகளில் தேடிப் படித்தவர்கள்.

அவருடைய பெயரை நம் வீட்டுப் பிள்ளைகள் கேட்டிருப்பார்கள். ஆனால் அவர் யார், எதற்காக அவரை நம் பெரியவர்கள் அவ்வளவு மதித்தார்கள் என்று கேட்டால் இன்றைய தலைமுறைக்குச் சொல்லத் தெரியாது. ஆகவே இதை முக்கியமாக அவர்களுக்காகவே எழுதுகிறோம்.

ஊர்ப்பெயர்கள் மாறுவது நமக்குப் புதிதல்ல. நாம் பிறந்து வளர்ந்த பத்தாங் பெர்ஜுந்தை 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது. இன்றும் நம்மில் பாதிப்பேர் வாய்தவறிப் பழைய பெயரைத்தான் சொல்கிறோம். அதுபோலத்தான் காயிதே மில்லத் அவர்கள் மூன்று முறை வென்ற மஞ்சேரி என்ற நாடாளுமன்றத் தொகுதியும். இந்தியாவின் தொகுதிப் பட்டியலில் இன்று அந்தப் பெயர் இல்லை. 2009ஆம் ஆண்டுத் தேர்தலோடு அது மறைந்துவிட்டது. ஒரு தொகுதி மறையலாம். அந்தத் தொகுதியின் மக்கள் எதற்காகத் தங்கள் மொழி பேசாத ஒரு தமிழரைத் தங்கள் சார்பில் டில்லிக்கு அனுப்பினார்கள் என்ற செய்தி மறைந்துவிடக் கூடாது.

இஸ்மாயில் சாஹிப் 1896ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்தார். தந்தையார் மௌலவி மியாகான் ராவுத்தர். மார்க்கக் கல்வியும் வணிகமும் ஒன்றாக இருந்த குடும்பம். சிறு வயதிலேயே தந்தையை இழந்த அவருக்குத் தாயாரே வழிகாட்டியாக இருந்து வளர்த்தார். திருநெல்வேலியில் பள்ளிப் படிப்பையும், திருச்சி, சென்னை நகரங்களில் கல்லூரிப் படிப்பையும் தொடர்ந்தார். பதின்மூன்று வயதிலேயே பேட்டை இளைஞர்களைச் சேர்த்து ஒரு முஸ்லிம் இளைஞர் சங்கத்தை அமைத்தவர் அவர். நம் சங்கத்தின் இளைஞர் பிரிவினர் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். பெரிய தலைவர்களின் வாழ்க்கை பெரும்பாலும் ஊர்ச் சங்கத்தில்தான் தொடங்குகிறது.

பி.ஏ. தேர்வு நெருங்கிய வேளையில் காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் நாட்டை உலுக்கியது. கிலாபத் இயக்கமும் அதனுடன் சேர்ந்து நடந்தது. பிரிட்டிஷ் அரசின் கல்வி நிலையங்களை விட்டு வெளியேறும்படி மாணவர்களுக்கு அழைப்பு வந்தது. இஸ்மாயில் சாஹிப் தேர்வை எழுதாமலே கல்லூரியை விட்டு வெளியே வந்தார். அந்தக் காலத்தில் பி.ஏ. பட்டம் என்பது அரசு உத்தியோகத்துக்கான நேர்வழி. ஒரு முஸ்லிம் குடும்பத்தில் அவ்வளவு தூரம் படித்தவர்களே மிகக் குறைவு. அந்த நிலையில் அதை உதறியது சிறிய காரியம் அல்ல.

பிறகு அவர் சென்னையில் தோல் வணிகத்தில் இறங்கினார். புகழ்பெற்ற வணிகரும் கொடைவள்ளலுமான ஜமால் முஹம்மது சாஹிபின் குடும்பத்தோடு தொழில் உறவு ஏற்பட்டது. 1923இல் அந்தக் குடும்பத்திலேயே ஜமால் ஹமீதா பீயை மணந்தார். அவர்களுக்கு ஒரே மகன். பாட்டனார் பெயரையே மியாகான் என்று வைத்தார்கள். தோல் பதனிடுவோர், தோல் வணிகர் அமைப்புகளில் பொறுப்பேற்று, தொழிலின் கணக்கும் சட்டமும் தெரிந்தவர் என்று பெயர் வாங்கினார். அரசியலில் முன்னுக்கு வந்தபோது அவர் ஐம்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தார்.

1945இல் அவர் சென்னை மாகாண முஸ்லிம் லீகின் தலைவரானார். அடுத்த ஆண்டு மாகாணச் சட்டசபைத் தேர்தல் வந்தது. அன்றைய தேர்தல் முறையை இன்றைய பிள்ளைகளுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். 1909ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்திலிருந்து பிரிட்டிஷ் இந்தியாவில் முஸ்லிம்களுக்குத் தனித் தொகுதிகள் இருந்தன. அந்தத் தொகுதியில் நிற்பவரும் முஸ்லிம், வாக்களிப்பவரும் முஸ்லிம். 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சென்னைச் சட்டசபையின் 215 இடங்களில் 28 இடங்கள் முஸ்லிம் தொகுதிகள். எல்லாருக்கும் வாக்குரிமையும் கிடையாது. சொத்தோ, வரியோ, படிப்போ இருந்தால்தான் பட்டியலில் பெயர் வரும். 1946இல் இந்தத் தொகுதிகளின் வழியாக முஸ்லிம் லீக் காங்கிரசுக்கு அடுத்த பெரிய கட்சியாகச் சபைக்குள் வந்தது. இஸ்மாயில் சாஹிப் எதிர்க்கட்சித் தலைவரானார். 1952 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

அந்தச் சென்னை மாகாணத்தில் இன்றைய தமிழ்நாடு மட்டும் இருக்கவில்லை. ஆந்திரப் பகுதிகளும், மலபார் மாவட்டமும் அதில் அடங்கியிருந்தன. ஆகவே திருநெல்வேலித் தமிழரும், கோழிக்கோட்டு மாப்பிள்ளையும், ஆந்திரத்து உருது முஸ்லிமும் ஒரே சபையில் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். பின்னால் நடந்த பலவற்றுக்கு விதை அங்கேதான் விழுந்தது.

1947 ஆகஸ்டில் நாடு பிரிந்தது. டிசம்பரில் அகில இந்திய முஸ்லிம் லீகின் கவுன்சில் கராச்சியில் கூடி, கட்சியை இரண்டாகப் பிரித்தது. இந்தியப் பகுதிக்கு அமைப்பாளராக இஸ்மாயில் சாஹிப் நியமிக்கப்பட்டார். கராச்சியிலேயே தங்கிவிட்ட தலைவர்கள் பலர். இவர் சென்னைக்குத் திரும்பினார். திரும்பி வந்த இடத்தில் அவருக்கு மாலை காத்திருக்கவில்லை. பிரிவினைக்குக் காரணமான கட்சி என்ற பழி லீகின் மேல் விழுந்திருந்தது. வட இந்தியாவில் இரத்த ஆறு ஓடிக்கொண்டிருந்தது. அதே டிசம்பரில் மௌலானா அபுல் கலாம் ஆசாத் லக்னோவில் ஒரு மாநாடு கூட்டி, முஸ்லிம்கள் சமுதாய அடிப்படையிலான கட்சிகளைக் கைவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். லீகின் பெரிய புள்ளிகள் ஒவ்வொருவராக விலகினார்கள்.

இப்படிப்பட்ட நேரத்தில், 1948 மார்ச் 10ஆம் நாள், சென்னையில் இன்று ராஜாஜி மண்டபம் என்று அழைக்கப்படும் அரசினர் மண்டபத்தில் கவுன்சில் கூடியது. கட்சியைக் கலைத்துவிடலாம் என்று சொன்னவர்கள் அங்கேயும் இருந்தார்கள். அவர்களைக் கோழைகள் என்றோ துரோகிகள் என்றோ நாம் சொல்ல மாட்டோம். சமுதாயத்தின் உயிருக்கும் உடைமைக்கும் பயந்து பேசினார்கள். அந்தப் பயத்துக்குக் காரணமும் இருந்தது. இஸ்மாயில் சாஹிபும் அவரோடு நின்றவர்களும் வேறுவிதமாக நினைத்தார்கள். சிறுபான்மை மக்கள் தங்கள் குறையைச் சட்டத்துக்கு உட்பட்டு, வெளிப்படையாக, தங்கள் பெயரிலேயே சொல்ல ஓர் அமைப்பு வேண்டும். அது இல்லாவிட்டால் குறை தீராது, மனத்தாங்கல் மட்டும் வளரும் என்பது அவர்களுடைய கருத்து. முடிவில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக் பிறந்தது. அதன் தலைவர் பொறுப்பு அவர் தோளில் ஏறியது. மௌத்து வரை அது இறங்கவில்லை.

அதே ஆண்டுகளில் அவர் இந்திய அரசியல் நிர்ணய சபையிலும் உறுப்பினர். அங்கே அவர் நடத்திய வாதங்களில் மூன்றை மட்டும் இங்கே சொல்கிறோம்.

முதலாவது, 1948 நவம்பர் 23ஆம் நாள், எல்லாருக்கும் ஒரே பொதுச் சிவில் சட்டம் என்ற வழிகாட்டு நெறி விவாதத்துக்கு வந்தபோது, எந்தச் சமூகமும் தன் தனிச் சட்டத்தைக் கைவிடும்படி கட்டாயப்படுத்தப்படக் கூடாது என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார். நிக்காஹ், தலாக், வாரிசுரிமை இவையெல்லாம் மார்க்கத்தோடு பின்னியவை என்பது அவர் வாதம். திருத்தம் தோற்றது.

இரண்டாவது, 1949 மே மாதத்தில் நடந்தது. சிறுபான்மையினருக்கு இட ஒதுக்கீடே வேண்டாம் என்ற பரிந்துரையைச் சர்தார் பட்டேல் சபை முன் வைத்தார். தனித் தொகுதி முறையும் இட ஒதுக்கீடும் தொடர வேண்டும் என்று இஸ்மாயில் சாஹிப் திருத்தம் கொடுத்தார். அன்றைய சூழலில் தனித் தொகுதி என்று வாயெடுப்பதே நெருப்பைத் தொடுவது போன்றது. பிரிவினைக்கு அதுவே வித்திட்டது என்று பெரும்பாலோர் நம்பினார்கள். சபையிலிருந்த முஸ்லிம் உறுப்பினர்களே அவருக்கு எதிராகப் பேசினார்கள். பேகம் ஐஜாஸ் ரசூல் அவர்கள், ஒதுக்கீடு முஸ்லிம்களை மற்றவர்களிடமிருந்து என்றைக்கும் பிரித்தே வைக்கும் என்று வாதாடினார். பட்டேலின் பதில் கடுமையாக இருந்தது. திருத்தம் தோற்றது.

மூன்றாவது, 1949 செப்டம்பரில் ஆட்சிமொழி பற்றிய விவாதம். தொன்மையை அளவுகோலாக எடுத்துக்கொண்டால், இந்த மண்ணில் மிகப் பழங்காலம் முதல் பேசப்பட்டுவரும் திராவிட மொழிகளில் மூத்ததான தமிழுக்கு அந்தத் தகுதி உண்டு என்று அவர் சபையில் பதிவு செய்தார். முஸ்லிம் லீக் தலைவர் ஒருவர் தமிழின் தகுதியை எடுத்துச் சொன்னது வடநாட்டு உறுப்பினர்கள் பலருக்கு வியப்பாக இருந்திருக்கும். நமக்கு அதில் வியப்பு இல்லை. தொழுகையில் அரபும் வீட்டில் தமிழுமாக வாழ்பவர்கள்தானே நாம்.

இந்த மூன்றில் இரண்டாவது தோல்விதான் அவருடைய பிற்கால வாழ்க்கையைத் தீர்மானித்தது. தனித் தொகுதி முறை முடிந்துபோயிற்று. இனிமேல் யார் சட்டசபைக்கோ நாடாளுமன்றத்துக்கோ போக நினைத்தாலும் எல்லா மக்களுடைய வாக்கையும் கேட்டாக வேண்டும். தாம் எதிர்த்த ஒரு முறையை அவர் என்ன செய்தார்? புறக்கணிக்கவில்லை. அரசியலமைப்பு நிறைவேறிய பிறகு அதை மதித்து, அதன் விதிகளுக்கு உட்பட்டே நின்று காட்டினார். நம் பிள்ளைகள் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடங்களில் முதலாவது இதுதான் என்று நாங்கள் நினைக்கிறோம்.

1952 முதல் 1958 வரை அவர் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தார். அதற்குள் மாநிலங்களின் வரைபடம் மாறியது. 1956 நவம்பர் 1ஆம் நாள் மலபார் மாவட்டம் சென்னையிலிருந்து பிரிந்து புதிய கேரள மாநிலத்தோடு சேர்ந்தது. பழைய மாகாண சபையில் அவரோடு இருந்த மலபார்த் தோழர்கள் இப்போது வேறு மாநிலத்தவர். தமிழ்நாட்டிலோ முஸ்லிம்கள் பேட்டைக்கு ஒரு தெரு, ஊருக்கு ஒரு ஜமாஅத் என்று சிதறி வாழ்ந்தார்கள். பொதுத் தொகுதி முறையில் அவர்கள் வாக்குகள் எங்கும் கூட்டாளிக் கட்சியின் துணையில்லாமல் வெற்றியாக மாறவில்லை.

மலபாரின் ஏறநாடு வட்டாரத்தில் நிலைமை வேறு. அங்கே மாப்பிள்ளை முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழ்ந்தார்கள். 1921 கிளர்ச்சியின் காயம் ஆறாத மண் அது. 1952இல் மலப்புரம் என்ற பெயரிலும், 1957இல் மஞ்சேரி என்ற பெயரிலும் அமைந்த தொகுதியில் லீகின் மூத்தவர் பி. போக்கர் சாஹிப் வென்றிருந்தார். 1962இல் அந்த இடத்துக்கு இஸ்மாயில் சாஹிப் நிறுத்தப்பட்டார்.

இதை நம் வட்டாரத்து அனுபவத்தை வைத்துப் பாருங்கள். கோலசிலாங்கூரிலும் புக்கிட் ரோத்தானிலும் ரவாங் சாலையிலும் தமிழ் முஸ்லிம் மளிகைக்கடைக்குப் பக்கத்தில் மலபாரிக் காக்காவின் தேநீர்க்கடை இருந்த காலம் உண்டு. வெள்ளிக்கிழமை ஒரே பள்ளியில் தொழுவோம். ஆனால் சங்கத் தேர்தல், பள்ளி நிர்வாகம் என்று வந்துவிட்டால் எந்த ஊர், எந்த மாவட்டம், எந்த மொழி என்று கணக்குப் பார்ப்போம். கீழக்கரைக்காரர் தலைவரானால் பனைக்குளத்துக்காரர் முகம் சுளித்ததையும், தமிழ்க்காரர் வந்தால் மலபாரி ஒதுங்கியதையும் நாம் பார்த்திருக்கிறோம். இந்தப் பழக்கம் உள்ளவர்களுக்கு மஞ்சேரியின் தேர்வு எவ்வளவு பெரியது என்று புரியும். அவருடைய தாய்மொழி தமிழ். தொகுதியின் மொழி மலையாளம். அவருடைய வீடு சென்னைக்குப் பக்கத்தில் குரோம்பேட்டையில். உள்ளூர்த் தங்கள்மார்கள், செல்வர்கள், வழக்கறிஞர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். அவர்களைத் தாண்டி மக்கள் இவரை ஏற்றார்கள் என்றால், அதற்குப் பாஃபகி தங்கள் போன்ற மலபார்த் தலைவர்களின் பெருந்தன்மையும் ஒரு காரணம். லீக் கலைந்துவிடாமல் 1948இல் காத்து நின்றவர் இவர் என்ற நன்றி இன்னொரு காரணம்.

1962இல் வென்றார். அந்த ஆண்டின் இறுதியில் சீனப் போர் மூண்டது. இந்திய முஸ்லிம்களின் விசுவாசத்தைச் சந்தேகிக்கும் பேச்சு எப்போதும் காற்றில் இருந்த காலம். தம் ஒரே மகன் மியாகானைப் போர்முனைக்கு அனுப்பத் தயார் என்று அவர் பிரதமர் நேருவுக்குத் தெரிவித்தார். இருந்த ஒரு பிள்ளையை எழுதிக் கொடுக்கத் துணிந்த தகப்பனின் மனத்தை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

கேரளத்தில் லீக் பட்ட அவமானங்களும் குறைவல்ல. 1960இல் காங்கிரசோடும் பிரஜா சோஷலிஸ்டுகளோடும் சேர்ந்து தேர்தலில் வென்ற பிறகும், லீகுக்கு மந்திரி சபையில் இடம் தர மறுத்தார்கள். சபாநாயகர் பதவி மட்டும் கிடைத்தது. கே.எம். சீதி சாஹிப் அதில் அமர்ந்தார். 1961இல் அவர் மறைந்தபின் சி.எச். முஹம்மது கோயா அதே பதவிக்கு வந்தபோது, லீகின் உறுப்பினர் பொறுப்பை விட்டால்தான் ஆகும் என்றார்கள். தோள்கொடுக்க லீக் வேண்டும், பக்கத்தில் உட்கார வேண்டாம் என்ற நிலை அது.

இந்த நிலையை இஸ்மாயில் சாஹிப் கோபத்தால் மாற்ற முயலவில்லை. பொறுமையால் மாற்றினார். 1967 தேர்தலுக்கு முன் தமிழ்நாட்டில் அறிஞர் அண்ணாவின் தி.மு.க.வோடும் ராஜாஜியின் சுதந்திராக் கட்சியோடும், கேரளத்தில் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடின் தலைமையில் அமைந்த ஏழு கட்சிக் கூட்டணியோடும் லீக் கைகோத்தது. கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களோடு கூட்டா என்று சமுதாயத்துக்குள்ளேயே கேள்வி எழுந்தது. மார்க்கத்தில் விட்டுக்கொடுக்காமல், ஆட்சி நிர்வாகத்தில் ஒத்துழைக்கலாம் என்பதே அவர் வழி. தேர்தலில் தி.மு.க. 137 இடங்களைப் பிடித்து ஆட்சி அமைத்தது. கேரளத்தில் 133 இடங்கள் கொண்ட சபையில் லீகுக்கு 14 இடங்கள். முதன்முறையாக இரண்டு மந்திரிகள். கோயா கல்வி அமைச்சரானார். மஞ்சேரியில் இஸ்மாயில் சாஹிப் மறுபடி வென்றார்.

அந்த அரசின் காலத்தில்தான், 1969 ஜூன் 16ஆம் நாள், பின்தங்கிக் கிடந்த ஏறநாட்டையும் சுற்றுப்புறங்களையும் சேர்த்து மலப்புரம் மாவட்டம் அமைக்கப்பட்டது. அதைக் குட்டிப் பாகிஸ்தான் என்று சொல்லி எதிர்த்தவர்கள் உண்டு. ஆனால் மாவட்டம் வந்தது. பள்ளிகளும் கல்லூரிகளும் பெருகின. ஒரு காலத்தில் படிப்பில் மிகவும் பின்தங்கியிருந்த அந்த மண்ணிலிருந்து இன்று மருத்துவர்களும் பொறியாளர்களும் உலகமெங்கும் போகிறார்கள்.

1971 தேர்தலில் மஞ்சேரி மக்கள் மூன்றாவது முறையாக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். வயது 75 ஆகப்போகிறது. உடல்நலம் குன்றியிருந்தது. அந்த முறை நாடாளுமன்றத்தில் லீக் உறுப்பினர்கள் நான்கு பேர். மஞ்சேரியிலிருந்து அவர், கோழிக்கோட்டிலிருந்து இப்ராஹிம் சுலைமான் சேட், தமிழ்நாட்டின் பெரியகுளத்திலிருந்து எஸ்.எம். முஹம்மது ஷெரீப், வங்காளத்தின் முர்ஷிதாபாத்திலிருந்து ஒருவர். பெரியகுளத்தில் முஸ்லிம்கள் பெரும்பான்மையினர் அல்லர். அங்கே ஷெரீப் சாஹிபை வெற்றிபெற வைத்தது தி.மு.க. கூட்டணியும் இந்துச் சகோதரர்களின் வாக்கும்தான். தனித் தொகுதி வேண்டும் என்று 1949இல் வாதாடித் தோற்றவர், பொதுத் தொகுதியிலேயே தம் கட்சித் தமிழர் ஒருவர் வென்று வருவதைக் கண்ணால் கண்டுவிட்டார். அன்று அவர் அஞ்சியது முழுவதும் நடந்துவிடவில்லை. முழுவதும் பொய்த்துவிடவும் இல்லை. கூட்டணியின் தயவு இல்லாத ஆண்டுகளில் அந்த வாசல் மூடிக்கொண்டது என்பதையும் நாம் பார்த்திருக்கிறோம்.

1972 ஏப்ரல் 5ஆம் நாள் காயிதே மில்லத் அவர்கள் வஃபாத் ஆனார்கள். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். தலைவர்கள் கட்சி வேறுபாடு பாராமல் வந்து மரியாதை செய்தார்கள். சென்னைத் திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசல் வளாகத்தில் நல்லடக்கம் செய்யப்பட்டார்கள். அவருடைய பெயரில் சென்னையில் அரசினர் மகளிர் கல்லூரி அமைந்தது. 1991இல் தஞ்சாவூரிலிருந்து பிரிந்த நாகை மாவட்டத்துக்குச் சில ஆண்டுகள் அவர் பெயர் சூட்டப்பட்டிருந்தது. 1996இல் நூற்றாண்டின்போது இந்திய அரசு தபால்தலை வெளியிட்டது. ஊருக்குப் போகும் நம் உறுப்பினர்கள் சென்னையில் இறங்கினால், வாலாஜா பள்ளிக்கு ஒருமுறை போய் ஸியாரத் செய்து வாருங்கள்.

இனி மஞ்சேரியின் கதையை முடித்துவிடுவோம். அவருடைய மறைவுக்குப் பிறகு நடந்த இடைத்தேர்தலில் சி.எச். முஹம்மது கோயா அங்கே வென்றார். 1977 முதல் இப்ராஹிம் சுலைமான் சேட், 1991 முதல் இ. அஹமது என்று லீகின் தலைவர்களே தொடர்ந்து வந்தார்கள். சேட் சாஹிப் பெங்களூரைச் சேர்ந்தவர், இ. அஹமது கண்ணூர்க்காரர். வெளியூர்க்காரரை ஏற்கும் பழக்கத்தை மஞ்சேரி விடவில்லை. ஆனால் 2004இல் யாரும் எதிர்பாராத விதமாக மார்க்சிஸ்ட் கட்சியின் டி.கே. ஹம்சா வென்றார். கோட்டை என்று எதையும் நம்பி அசட்டையாக இருக்கக் கூடாது என்பதற்கு அது பாடம். அதுவே மஞ்சேரி என்ற பெயரில் நடந்த கடைசித் தேர்தலாகவும் ஆயிற்று. தொகுதி மறுவரையறையின்படி 2009இல் அந்தப் பகுதியின் தொகுதி மலப்புரம் என்ற பழைய பெயருக்கே திரும்பியது. தமிழ்நாட்டில் பெரியகுளம் தொகுதியும் அதே மறுவரையறையில் மறைந்து தேனி என்றானது.

இந்த வரலாறு நமக்கு எதற்கு? நமது சங்கம் அரசியல் சங்கம் அன்று. எந்தக் கட்சிக்கும் இங்கே வக்காலத்து இல்லை. ஆனால் தொகுதிக் கணக்கு நம் வாழ்க்கையோடும் ஒட்டியதுதான்.

1955 ஜூலை 27இல் மலாயாவின் முதல் பொதுத்தேர்தல் நடந்தது. மொத்தம் 52 இடங்கள். வடசிலாங்கூர்த் தோட்டங்களின் லயங்களில் நம் மக்கள் நிறைந்திருந்தார்கள். ஆனால் குடியுரிமை இல்லாததால் பட்டியலில் பெயர் உள்ளவர்கள் மிகச் சிலரே. சுதந்திரத்துக்குப் பிறகு குடியுரிமை வந்தது, வாக்கும் வந்தது. ஆனாலும் சிவப்பு அடையாள அட்டையோடு வாழ்ந்து மறைந்தவர்கள் நம் குடும்பங்களிலேயே உண்டு. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. 1917இல் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு நடந்ததே நம் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் கைமாற, லயங்கள் காலியாயின. கிள்ளானுக்கும் ரவாங்குக்கும் ஷா ஆலமுக்கும் பிள்ளைகள் போனார்கள். அவர்களோடு வாக்குகளும் போயின. 2007இல் ஈஜோக் சட்டமன்ற இடைத்தேர்தல் நடந்தபோது, சுமார் 12,000 வாக்காளர்களில் இந்தியர்கள் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம் என்று நாடே பேசியது. அதில் தமிழ் முஸ்லிம்கள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணவில்லை. எண்ணினாலும் ஒரு தெருவுக்கு மேல் தேறியிருக்க மாட்டோம்.

எங்கும் பெரும்பான்மையாக இல்லாத மக்கள் என்ன செய்வது? காயிதே மில்லத் அவர்களின் வாழ்க்கை இந்தக் கேள்விக்குச் சொல்லும் பதில் எளிமையானது, செய்வதற்குக் கடினமானது. அமைப்பைக் கலைத்துவிடாதே. சட்டத்தை மீறாதே. தோற்ற வாதத்தைக் கண்ணியமாகத் தோற்றுவிட்டு அடுத்த வேலையைப் பார். மார்க்கத்தில் நிலைத்து நின்று மற்றவர்களோடு கைகோத்துக்கொள். உன் ஊர்க்காரனா, உன் மொழிக்காரனா என்று பாராமல் தகுதியுள்ளவரை முன்னிறுத்து. கடைசியாகச் சொன்னதை அவர் செய்து காட்டவில்லை. அவருக்காக மஞ்சேரி மக்கள் செய்து காட்டினார்கள். ஆகவே இந்தக் கட்டுரையில் பாதிப் புகழ் அந்த மக்களுக்கு உரியது.

ஐம்பது ஆண்டுகளில் நம் சங்கமும் பிணக்குகளைக் கண்டிருக்கிறது. நிர்வாகிகள் தேர்வில் ஊரும் மாவட்டமும் தலைதூக்கிய நாட்களை மறைக்க வேண்டியதில்லை. அடுத்த ஐம்பது ஆண்டுகளில் சங்கத்தை நடத்தப்போவது கோலசிலாங்கூரிலேயே பிறந்த பிள்ளைகள். அவர்களுக்குப் பனைக்குளமும் கீழக்கரையும் பாட்டனார் சொன்ன பெயர்கள் மட்டுமே. பழைய கோடுகள் தாமாகவே அழிந்துகொண்டிருக்கின்றன. புதிய கோடுகளை அவர்கள் போட்டுக்கொள்ளாமல் இருக்க வேண்டும் என்பதே எங்கள் துஆ.

அல்லாஹ் காயிதே மில்லத் அவர்களின் பிழைகளைப் பொறுத்து, நற்பணிகளை ஏற்று, அவர்களுடைய கப்ரை ஒளிமயமாக்குவானாக. நமது சங்கத்தைத் தொடங்கி வைத்து மறைந்த மூத்தவர்கள் அனைவருக்கும் மேலான சுவனத்தை அருள்வானாக. ஆமீன்.